தட்டோரத்தில் ஒரு பிடி

ரத்தத்தை முதலில் பார்த்தது தணிகாசலம்தான். தறியை விட்டு எழுந்தவர், மனைவி தேவகி உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டி, "இன்னாமே அது?" என்றார்.

சாணம் மெழுகிய தரையில் கறுப்பாகக் காய்ந்த ஒரு திட்டு. அதை ஒட்டி இன்னொன்று, ஈரமாக. குங்குமம் சிந்தியிருக்கும் என்றுதான் தேவகி நினைத்தாள். பிறகு காலைத் திருப்பிப் பார்த்தாள். வலது பெருவிரலின் அடியில் ஒரு மூங்கில் சிராய் ஏறியிருந்தது. அதைச் சுற்றித் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது. அது எப்போது ஏறியது என்று அவளுக்குத் தெரியவில்லை. நேற்றா, நான்கு நாளுக்கு முன்பா. அந்தக் காலோடுதான் தண்ணீர் எடுத்தாள், கடைக்குப் போனாள், வரதராஜப் பெருமாள் கோயில் மதிலோரம் நடந்து வந்தாள்.

வலிக்கவில்லை. அவர் சிராயைப் பிடுங்கியபோதும் வலிக்கவில்லை. தன் கால் தனக்குச் சொல்லாமல் எதையோ மறைத்து வைத்திருந்தது போல அவளுக்கு இருந்தது.

புண் ஆறவில்லை. மஞ்சள் வைத்தாள், வேப்பெண்ணெய் வைத்தாள். கடைசியில் அவர் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அவர் வெளியே மரத்தடியில் நின்றுகொண்டார். உள்ளே மரியம்மாள் என்ற நர்ஸ், தேவகியின் வயதுதான் இருக்கும், ஒரு சீசாவில் அவளுடைய மூத்திரத்தை வாங்கிக்கொண்டு போனாள். கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீர் இருந்தது. அதில் சில சொட்டு விட்டு விளக்கில் காட்டினாள். நீலம் பச்சையாயிற்று. பச்சை மஞ்சளாயிற்று. கொதித்து அடங்கியபோது செங்கல் நிறத்தில் நின்றது. போன ஐப்பசியில் இதே நிறத்தில் ஒரு சேலை நெய்தோம் என்று தேவகிக்கு நினைவு வந்தது.

"சக்கரை வியாதி," என்றாள் மரியம்மாள்.

"எங்க ஊட்ல சக்கரையே வாங்கறதில்லம்மா. காப்பிகூட வெல்லம் போட்டுத்தான்."

"வெல்லம் மட்டும் இன்னா உப்பா? சமாச்சாரம் அது இல்ல. நீ துன்ற சோறே உள்ள போயி சக்கரையா ஆவுது. சோறு, இட்லி, கெழங்கு, கேவுருக் களி, எல்லாம்தான்."

"கேவுருமா?"

"கேவுருன்னா மூக்கு முட்டத் துன்னலாம்னு எவனோ இந்த ஊர்ல சொல்லி வெச்சிட்டுப் போயிருக்கான். வர்றவங்க எல்லாரும் இதையேதான் கேக்கறீங்க. கேவுரும் அளவுதான், கோதுமையும் அளவுதான். ந்தா, இதப் பாரு." அவள் மேசையிலிருந்து ஒரு பீங்கான் கிண்ணத்தை எடுத்தாள். "தலை தட்டி ஒரு கிண்ணம் சோறு. கீரை, அவரைக்கா, மோரு, அது எத்தினி வேணா துன்னு. வேளைக்கு வேளை துன்னணும். மாத்திரை போட்டுக்கினு பட்டினி கெடந்தியானா மயக்கம் போட்டு உழுந்துடுவ. ஊட்டுக்காரர் வரட்டும், அவர் துன்னட்டும்னு குந்திக்கினு இருக்கக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. புரிந்ததில் கடைசி விஷயம்தான் அவளை வழியெல்லாம் உறுத்திக்கொண்டு வந்தது.

தேவகி தனித் தட்டில் சாப்பிட்டவள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிட்டு எழுந்த தட்டில்தான் அவளும் சாப்பிடுவாள். அவருடைய அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டாள், தேவகியின் அம்மாவும் அப்படித்தான். அதில் நல்லது கெட்டது என்று அவள் யோசித்ததே இல்லை. ஆனால் அவளுடைய தட்டில், அதாவது அவருடைய தட்டில், ஒரு விசேஷம் இருந்தது. அவர் அதில் அவளுக்கென்று ஏதாவது வைத்துவிட்டு எழுவார்.

அது அவருடைய ஊரான தாமலில் தொடங்கியது. அப்போது அவர்கள் நெசவுக்கு வரவில்லை. ஏரிப் பாய்ச்சலில் நிலம் இருந்த பெரிய குடும்பம். தேவகி கடைசி மருமகள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மாமியார் அவளுக்குப் பானையைக் காட்டுவாள். கரண்டி அடியில் உரசுகிற சத்தம்தான் அவளுடைய பங்கு. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அவருடைய தட்டை எடுத்துப் போனவள், மென்று போட்ட முருங்கைக்காய்ச் சக்கையின் குவியலைத் தள்ளினாள். அடியில் ஒரு பிடி சோறு இருந்தது. குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. அதற்குள் ஒரு துண்டு மீன். அவருடைய அம்மாவின் கண்ணுக்குத் தெரியாமல் சக்கையால் மூடி வைத்திருந்தார். அவர் அதுவரை அவளிடம் நான்கு வார்த்தை பேசியிருப்பாரோ என்னவோ. அவள் அடுப்பங்கரை மூலையில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டாள். மறுநாளும் இருந்தது.

அதைப் பற்றி அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. அவர் பேசுகிற மனிதர் இல்லை. அவள் நாளடைவில் தட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். சொல்லிக்கொள்ளாமல் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிய வாரம் தட்டு வழித்துத் துடைத்த மாதிரி வந்தது. கோபம். அடுத்த வாரம் ஒரு ஓரத்தில் அப்பளத் துண்டு ஒன்று தனியாகக் கிடந்தது. கோபம் தணிந்துகொண்டு வருகிறது. குழந்தை பிறக்காமல் வருடங்கள் போனபோது திருமுக்கூடலிலிருந்து மாமியாரின் உறவுக்காரர்கள் இரண்டு பேர் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச வந்தார்கள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் பேசினார்கள். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தேவகி கதவுக்குப் பின்னால் நின்றாள். அவர் கை கழுவ எழுந்து போன பிறகு தட்டை எடுத்தாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது. மீன் முழுதாக இருந்தது. அன்று அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. மற்றவர்களுக்கு அது கிடைக்க இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

பங்கு பிரிந்து, சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்து, அவர் தறி கற்று, அவள் அவருக்கு வலப்புறம் உட்கார்ந்து சேலைக் கரைக்கான ஊடை நூல் சுற்றிய நாடாவை எறியப் பழகிய பிறகும் அது தொடர்ந்தது. இங்கே பானை அவள் கையில்தான் இருந்தது. வேண்டியதை அவளே போட்டுக்கொள்ளலாம். ஆனாலும் அவர் வைத்தார். அரிசி கிடைக்காமல் ஊரே வரிசையில் நின்ற வருடத்திலும் வைத்தார்.

இப்போது அவள் அவருக்கு முன்னால் சாப்பிட வேண்டும். தனியாக, ஒரு கிண்ணம் அளந்து.

புதிதாக ஒரு அலுமினியத் தட்டு வாங்கினாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தறியிலிருந்து எழுந்து உள்ளே போய், சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டாள். முன்னறையில் தறி நின்றிருந்தது. அவள் வராமல் கரை நகராது என்பதால் அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். திருடுகிறவள் போல அவசரமாக மென்றாள். அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும், "வயிறு ரொம்பிச்சா?" என்றார். அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ரொம்பிச்சி."

"ஒரு கிண்ணம்தானே?"

"போதும்னு சொல்லிருக்காங்க."

அவர் கழுத்தைத் திருப்பித் தறியின் பாவு நூலைப் பார்த்துக்கொண்டார்.

மதிய வேலை முடிந்து அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவ எடுத்தபோது ஓரத்தில் சோறு இருந்தது. வழக்கமான ஒரு பிடி இல்லை, இரண்டு பிடி. அவளுக்கு ஒரு கிண்ணம்தான் என்று ஆனதிலிருந்து அந்தக் குவியல் வளர்ந்தது. அவள் அதை நின்றபடியே, தொட்டியோரத்தில், வாயில் போட்டுக்கொண்டு தட்டைக் கழுவினாள். அவளுடைய சாப்பாடு முன்பே முடிந்துவிட்டது. அளந்து, தலை தட்டி, ஒழுங்காக முடிந்துவிட்டது. இது சாப்பாடு அல்ல. தட்டுக் கழுவுவதில் ஒரு பகுதி. இரவும் அப்படியே.

மரியம்மாளின் குழாயில் அடுத்த தடவையும் செங்கல் நிறம்தான். அதற்கடுத்த தடவையும். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். புண்ணின் ஓரம் கறுத்துக்கொண்டு வந்தது. நாற்றம் வந்தது. அவள் கட்டை மாற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

"உண்மையைச் சொல்லு. மீறிச் சாப்பிடுறியா?" என்றார் டாக்டர்.

"இல்லைங்க. கிண்ணத்துக்கு மேல ஒரு பருக்கை தொடறதில்லை."

அவள் பொய் சொல்லவில்லை. அவள் குரலில் இருந்த நிச்சயத்தைக் கேட்டு டாக்டரே ஒரு கணம் தயங்கினார். பிறகு, "இப்படியே இருந்தா விரல் நிக்காதும்மா. எடுக்கணும். விரலோட நின்னா நல்லது, சில பேருக்குக் கால் வரைக்கும் போயிடும்," என்றார்.

வெளியே வந்ததும் மரியம்மாள் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். "எனக்கு ஒண்ணும் வெளங்கல தேவகிம்மா. நீ பொய் சொல்ற மூஞ்சி இல்ல. ஒண்ணு பண்ணு. ஒரு நாளைக்கு நீ இன்னா இன்னா துன்றியோ, அதே அளவு ஒரு தூக்குல போட்டு எடுத்துக்கினு வா. நான் கண்ணால பாக்கணும்."

தேவகி வீட்டிலிருந்த மூன்றடுக்குத் தூக்கைத் தேய்த்துக் கழுவினாள். காலையில் தின்னும் இட்லியை எடுத்து முதல் அடுக்கில் வைத்தாள். மதியச் சோற்றைக் கிண்ணத்தால் அளந்து கீரையோடு இரண்டாவது அடுக்கில் வைத்தாள். சாயங்காலம் கேழ்வரகுக் களி கிண்டி, தன் உருண்டை அளவுக்கு இன்னொரு உருண்டை பிடித்து மூன்றாவதில் வைத்தாள். எல்லாம் சரியாக இருந்தது. யார் பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாது. பரீட்சை எழுதி முடித்த பிள்ளைபோல அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

விளக்கு வைத்த பிறகு அவர் சாப்பிட்டு எழுந்தார். தட்டைத் தொட்டிக்கு எடுத்துப் போனாள். கத்தரிக்காய்க் காரக்குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு, மேலே பாதிக் கருவாடு. கை பழக்கத்தில் போயிற்று. ஒரு வாய் போட்டுக்கொண்டாள். இரண்டாவது வாய்க்குக் கை போனபோது அடுப்புப் பக்கம் மூடியிருந்த தூக்கைப் பார்த்தாள்.

கை நின்றுவிட்டது.

இதையும் போட வேண்டுமா? நாலாவது அடுக்கு இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்து, சீ, இதைப் போய் எப்படி என்று தோன்றியது. புருஷன் வாய் வைத்த சோற்றைத் தூக்கில் போட்டு ஆஸ்பத்திரி மேசையில் திறந்து வைப்பதா. ஒரு நர்ஸும் டாக்டரும் குனிந்து அதைப் பார்ப்பதா. உள்பாவாடையைக் கொடியில் காயப்போடுவதைவிட மோசம். அவள் அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாயிலிருந்த சோறு கரைந்து தொண்டைக்குள் இறங்கியது. இறங்குவது தெரிந்தது. சோறுதான். வேறென்ன. மதியம் தின்றதைப் போலவே அரிசியில் வடித்த சோறு. அது யார் தட்டிலிருந்து வந்தது என்று அவளுடைய வயிற்றுக்குத் தெரியாது.

தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். மதியம் ஒரு கிண்ணம், அதற்குப் பிறகு இரண்டு பிடி. இரவு ஒரு உருண்டை, அதற்குப் பிறகு இரண்டு பிடி. இத்தனை மாதமும் அவள் இரண்டு பேருடைய சாப்பாட்டைத் தின்றிருக்கிறாள். அவளை ஆஸ்பத்திரி பட்டினி போடுகிறது என்று நினைத்து அவர் தன் வயிற்றைக் குறைத்துக் கூடுதலாக வைத்திருக்கிறார். அவர் கூட்டக் கூட்ட விரல் கறுத்திருக்கிறது.

"இன்னாமே, இருட்டுல குந்திக்கினு," என்று அவர் முன்னறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஒண்ணுமில்ல. தட்டு கழுவறேன்."

மறுநாள் மரியம்மாள் அடுக்கடுக்காகத் திறந்து பார்த்தாள். களி உருண்டையை விரலால் அமுக்கிப் பார்த்தாள். "இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

அதே வார்த்தையைத்தான் முன்பும் சொன்னாள். முன்பு அது உண்மையாக இருந்தது. இப்போது தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது. மரியம்மாள் உதட்டைப் பிதுக்கி, தூக்கை மூடிக் கொடுத்தாள்.

சொல்லிவிட வேண்டியதுதான். நீங்க வைக்காதீங்க, எனக்கு ஆவாது. நாலே வார்த்தை. தறியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவை எறிந்துகொண்டே எத்தனையோ தடவை வாயைத் திறந்தாள். ஆனால் அவரை அவளுக்குத் தெரியும். கரையில் ஓர் இழை பிசகினாலும் அன்று நெய்தது அத்தனையையும் பிரித்துவிட்டு மறுபடி நெய்கிறவர். சொன்ன உடனே அவர் பின்னோக்கிப் போவார். எப்போது கூட்டினேன், எப்போது கறுத்தது, அவள் கட்டை மாற்றும்போது நான் எந்தப் பிடியை வைத்தேன் என்று ஒவ்வொன்றாகப் போவார். சேலையையாவது பிரித்து நெய்யலாம். இதை அவர் எங்கே கொண்டுபோய்ப் பிரிப்பார்? அவருக்கு இருந்த பேச்சு அது ஒன்றுதான். அந்தப் பேச்சுதான் உன் பெண்டாட்டியின் காலை அழுக வைத்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அவள் சொல்லவில்லை. அன்று தட்டைக் கொல்லைப்பக்கம் எடுத்துப் போனாள்.

பின்வீட்டு அங்கம்மாளுக்கு ஒரு எருமை இருந்தது. இரண்டு கொல்லைக்கும் நடுவில் கழுநீர்ப் பானை வைத்திருந்தாள். அரிசி களைந்த தண்ணீரும் காய்த்தோலும் தேவகி வீட்டிலிருந்தும் அதில்தான் விழும். தேவகி தட்டைச் சாய்த்து ஓரத்துச் சோற்றை உள்ளே தள்ளினாள். அது மிதந்தது. ஒரு குச்சியை எடுத்துக் கலக்கி, பூசணித் தோலை மேலே இழுத்து மூடினாள். மூடும்போது செத்த எதையோ புதைப்பதுபோல இருந்தது. உள்ளே வந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

முதல் சில நாள் வயிறு காய்ந்தது. பிறகு பழகியது. பழகாதது வேறு. கல்யாணமானதிலிருந்து ஒவ்வொரு வேளையும் யாரோ உன்னை நினைத்தார்கள் என்று ஒரு சின்ன சாட்சி இருந்தது. அதை அவளே தன் கையால் எருமைக்குப் போட்டாள். அவர் அறியாமல் வைத்துக்கொண்டேயிருந்தார். அது ஒரு விதத்தில் ஆறுதலாகவும் இருந்தது. அவர் வைக்கிறார், நான் வாங்கிக்கொள்கிறேன், தின்பதில்லை, அவ்வளவுதானே என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். இப்படியே ஓட்டிவிடலாம் என்றுகூட நம்பினாள்.

அங்கம்மாள் வாய்க்காரி. ஒரு மதியம் தணிகாசலம் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது பானையைத் தூக்க வந்தவள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னா தணிகாசலம்ண்ணே, உங்க ஊட்ல இப்பல்லாம் விருந்து பலமா?"

"விருந்தா?"

"பின்ன? என் எருமை வெறுங் கழுநீர மோந்துகூடப் பாக்க மாட்டேங்குது. கொழம்பு சோறு கேக்குது. நேத்து பானைல கருவாட்டு முள்ளு. உன் பொண்டாட்டி அத அசைவம் ஆக்கிட்டா. நாளைக்கு அது மீன் மார்க்கெட்டுக்குப் போவணும்னு கயித்த அறுத்துக்கினா நீதான் இஸ்துக்கினு போவணும்."

அவர் சிரித்தார். தேவகி அடுப்பங்கரை ஜன்னலில் நின்று கேட்டாள். அவர் சிரித்த சிரிப்பு நடுவில் நின்றுபோனதையும் கேட்டாள். வாளித் தண்ணீரை அவர் காலில் ஊற்றவில்லை. அப்படியே கீழே வைத்துவிட்டுப் பானையின் பக்கம் ஒரு நடை போய், குனிந்து பார்த்து, திரும்பினார்.

அன்று தட்டில் ஒரு பருக்கைகூட மிஞ்சவில்லை. தட்டு அவள் கைக்குக்கூட வரவில்லை. அவரே எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அடுத்த வேளையும் அப்படியே. அடுத்த நாளும்.

அவள் அதே அளவுதான் போட்டாள். இத்தனை வருடம் ஒருவருக்கென்று போட்டதில் இரண்டு பேர் தின்றிருக்கிறார்கள் என்பதை மறந்து போட்டாள். அவர் மிச்சம் வைக்கக் கூடாது என்று முழுதையும் தின்றார். தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார். பிறகுதான் அவளுக்கு உறைத்து, குறைத்துப் போட்டாள். அவர் அதையும் வழித்துத் தின்றார். தறியில் நாடா போய் வந்தது. சேலை வளர்ந்தது. அவர் முழங்கை அவள் தோளில் படாமல் நகர்ந்து உட்கார்ந்ததை அவள் கவனித்தாள்.

என்ன நினைத்திருப்பார்? என் எச்சில் இவளுக்கு இப்போது அருவருப்பு. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததும் தனித் தட்டு, முதல் சாப்பாடு, அப்புறம் நான் வைத்ததை எருமைக்கு. இப்படித்தான் நினைத்திருப்பார். வேறு எப்படி நினைக்க முடியும்? இல்லை, அது அப்படி இல்லை என்று அவள் சொல்ல வேண்டுமானால் ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். என்மேல் உனக்கு வெறுப்பு என்ற வலி ஒரு பக்கம். என் அன்புதான் உன்னை அரித்தது என்ற வலி இன்னொரு பக்கம். எது அவருக்குக் குறைவாக வலிக்கும் என்று யோசித்து யோசித்து அவள் சோர்ந்தாள். வெறுப்பு பழகிப்போகும் என்று ஒரு நாள் தோன்றியது. மறுநாள் அவர் கவிழ்த்து வைத்த தட்டைப் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை.

குழாயில் நிறம் மாறியது. முதலில் மஞ்சள், பிறகு பச்சை. விரலின் கறுப்பு நகத்தோடு நின்றது. ஒரு நாள் நகம் உதிர்ந்தது. கீழே ரோஜா நிறத்தில் சதை தெரிந்தது. அங்கே தொட்டால் லேசாக உணர்வுகூட இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. தெரிந்ததோடு சரி.

அந்த வாரம் கட்டுக் கட்டுவதைக் காட்டித் தர வேண்டும் என்று மரியம்மாள் மரத்தடியிலிருந்து அவரையும் உள்ளே கூப்பிட்டாள். அவர் துணிச் சுருளைக் கையில் வாங்கிக்கொண்டு, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்.

"பாருண்ணே, பச்சை," என்று மரியம்மாள் குழாயை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "விரல் தப்பிச்சிது. டாக்டரே ஆச்சரியப்படறாரு. இன்னா தேவகிம்மா, எதை உட்ட? சும்மா இப்டி எறங்காது. எதையோ உட்டிருக்க. சொல்லு, மத்த பொம்பளைங்களுக்கும் சொல்லுவேன்ல."

தேவகி தரையைப் பார்த்தாள். அவர் துணிச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தார், ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கை மெதுவாகிவிட்டதில் அது தெரிந்தது.

"ஒண்ணும் உடலம்மா," என்றாள்.

"ஒண்ணும் உடாம எப்டி? அன்னிக்குத் தூக்கு கொண்டாந்தியே, அது நெசமா? ஏதோ மறச்சல்ல?"

"திருடித் துன்னுக்கினு இருந்தேன்," என்றாள் தேவகி. குரல் வந்துவிட்டது. மேலே சொல்வது சுலபமாக இருந்தது. "அவர் தூங்கினப்புறம் பானைலேர்ந்து எடுத்து. பசி தாங்கல. இப்ப உட்டுட்டேன்."

மரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பவே கேட்டனே. பாத்தியாண்ணே, பானைய வழிச்சித் துன்னுட்டு, ஒரு பருக்கை தொடலன்னு டாக்டர்கிட்ட சத்தியம் பண்றா. இனிமே பானைய நீ எடுத்து வெச்சிக்க."

அவர் தேவகியைப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தார்.

இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பது அவர்தான். காலையில் அந்தப் பழைய சோற்றை வெங்காயம் கடித்துக்கொண்டு தின்பவரும் அவர்தான். பானையில் ஒரு கை குறைந்தால் அவருக்குத் தெரியாமல் போகாது. தேவகிக்கு அது சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெல்லப் பின்னோக்கிப் போகத் தொடங்கியதை அவள் பார்த்தாள். தனித் தட்டு. கிண்ணம். கறுத்த விரல். எருமை. அதற்குப் பிறகு பச்சை. அவர் ஒவ்வோர் இழையாகப் பிரித்துக்கொண்டு போனார். அவளால் நிறுத்த முடியவில்லை.

திரும்பும்போது சைக்கிளில் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. ரங்கசாமி குளம் தாண்டிய பிறகு அவர் கேட்டார்.

"எருமைக்கு எப்பலேர்ந்து போட்ட?"

"கொஞ்ச நாளா."

"அதுக்கு முன்னால?"

அவள் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சங்கிலி ஒரு இடத்தில் நொடித்து நொடித்துச் சத்தம் போட்டது. அவர் மறுபடி கேட்கவில்லை.

அன்று தறியில் உட்காரவில்லை. விளக்கு வைத்த பிறகு அவருக்குச் சோறு போட்டாள். குறைத்துத்தான் போட்டாள். வழக்கமாக உள்ளே போய்விடுகிறவள் அன்று எதிரே சுவரோரம் உட்கார்ந்தாள். அவர் சாப்பிடும்போது அவள் உட்கார்ந்ததே கிடையாது. அவர் தலை குனிந்து பிசைந்தார், தின்றார். கடைசி ஒரு பிடி மிஞ்சியபோது கை அதுவாகவே அதை ஓரத்துக்கு ஒதுக்கி, விரலால் சேர்த்து, குவித்தது. பிறகு நின்றது.

அவர் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் ஒட்டிய சோறு காய்ந்தது.

"நான் வெச்சதுதானே," என்றார்.

"தெரிஞ்சா வெச்சீங்க?"

"ஒரு தடவை சொல்லிருக்கலாம்."

"எப்டிச் சொல்றது?"

அவர் தலையசைத்தார். சரி என்பதுபோலவும் இருந்தது, தெரியவில்லை என்பதுபோலவும் இருந்தது. பிறகு நிமிராமல், மிகவும் தாழ்ந்த குரலில், "கொஞ்சமா வெச்சா? ஒரு வாய்?" என்றார்.

அவளுக்கு வேண்டும் போலிருந்தது. தன் கிண்ணத்தில் ஒரு வாய் குறைத்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும். மரியம்மாள்கூட ஒப்புக்கொள்வாள். ஆனால் ஒரு வாய் ஒரு வாயாக நிற்காது. அவருக்கு ஒரு சந்தோஷம் வந்த நாளில் அது இரண்டாகும், அவளுக்கு ஒரு துக்கம் வந்த நாளில் மூன்றாகும். அளந்து வைத்தால் அது இன்னொரு கிண்ணம், அவ்வளவுதான். அவர் அளந்து வைத்ததே இல்லை. அதுதான் அது.

"வேணாம்," என்றாள்.

அவர் ஓரத்திலிருந்த சோற்றைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை வாயில் போட்டு நெடுநேரம் மென்றார். மற்றப் பாதியையும் போட்டுக்கொண்டார். விழுங்கத் தண்ணீர் வேண்டியிருந்தது. அவள் சொம்பை நகர்த்தி வைத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை இருந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மாத்திரை போட்டுக்கொள்ள உள்ளே போனாள்.